நேட்டோ பள்ளியும் நாடாளுமன்ற அங்கீகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்குப் பன்னாட்டு அமைப்புகள் பற்றிய பாடம் எடுக்கும்போது, வட அட்லாண்டிக் நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் பயிற்சிப் பள்ளியைப் பற்றிய பகுதி வந்ததும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் ஆண்டுதோறும் எழுகின்றன. பெரும்பாலானவை 'அங்கீகாரம்' என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து பிறப்பவை. பாராட்டுவதையும், சட்டத்தகுதி தருவதையும், பணம் செலவிட அனுமதிப்பதையும், பாடத்தின் தரத்துக்குச் சான்றளிப்பதையும் தமிழில் நாம் அந்த ஒரு சொல்லாலேயே குறிப்பிட்டுவிடுகிறோம். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நேட்டோ பள்ளி என்பது என்ன? அது எங்கே இருக்கிறது?

தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஓபராமர்காவ் என்ற சிற்றூரில் அது இருக்கிறது. உறுப்பு நாடுகளின் இராணுவ அதிகாரிகளும் குடிமை அலுவலர்களும் அங்கு வந்து, பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் முடியும் குறுகிய படிப்புகளில் சேர்ந்து, பல நாட்டுப் படைகள் ஒரே திட்டத்தின்கீழ் இயங்குவதற்குத் தேவையான நடைமுறைகளைக் கற்றுத் திரும்புகிறார்கள். துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தரும் பயிற்சி முகாம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. திட்டமிடல், கட்டளை நடைமுறை, உளவுத் தகவல், தளவாடம், போர்ச் சட்டம் போன்றவை வகுப்பறையில் நடத்தப்படும் இடம் இது.

1953-இல் இரண்டு படிப்புகளுடன் தொடங்கிய இந்தப் பயிற்சி, பனிப்போரின் முற்பகுதியில் அணு ஆயுதங்கள் தொடர்பான பாடங்களையே மையமாகக் கொண்டிருந்தது. 1975-இல்தான் அதற்கு முறையான சாசனமும் நேட்டோ பள்ளி என்ற பெயரும் கிடைத்தன. பனிப்போர் முடிந்தபின் உறுப்பினர் அல்லாத கூட்டாளி நாடுகளின் அதிகாரிகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கு அந்த ஊர் வேறொன்றால்தான் அறிமுகம்: கொள்ளைநோய்க் காலத்தில், 1633-இல், ஊரார் செய்துகொண்ட நேர்த்திக்கடனின்படி அடுத்த ஆண்டு தொடங்கிய இயேசுவின் பாடுகள் நாடகம், இன்றும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அங்கே நடக்கிறது. பள்ளி இயங்கும் படைமுகாமோ நாஜி காலத்தில் கட்டப்பட்டது. போரின் கடைசி ஆண்டுகளில் மெஸ்ஸர்ஷ்மிட் விமான நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவு அங்கிருந்துதான் இயங்கியது.

நேட்டோவுக்கு இந்த ஒரு பள்ளிதானா?

இல்லை. ரோமில் உள்ள நேட்டோ பாதுகாப்புக் கல்லூரி இதைவிடப் பழையது. ஐசன்ஹோவர் நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதியாக இருந்தபோது முன்வைத்த யோசனையின்படி 1951 நவம்பரில் பாரிஸில் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, பிரான்ஸ் கூட்டு இராணுவக் கட்டளை அமைப்பிலிருந்து விலகிய 1966-இல் ரோமுக்கு மாறியது. அங்கே உயர் அதிகாரிகளுக்கும் தூதரக அலுவலர்களுக்கும் அரசியல்-இராணுவப் பார்வையில் நீண்ட படிப்பு நடத்தப்படுகிறது. ஓபராமர்காவ் பள்ளி அதற்கு ஒரு படி கீழே, களப்பணியைத் திட்டமிட்டு நடத்தும் மட்டத்துக்கு உரியது.

இவை தவிர, தகவல் தொடர்புக்கும் கடற்பணிக்கும் தனித்தனிப் பயிற்சி நிலையங்கள் உண்டு. இந்தத் தொகுப்பில் 'பள்ளி' என்று மட்டும் குறிப்பிடும் இடங்களில் ஓபராமர்காவ் பள்ளியையே குறிக்கிறேன்.

அமெரிக்க காங்கிரஸில் ஒரு அவை இந்தப் பள்ளியைப் பாராட்டித் தீர்மானம் போட்டால், பள்ளிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்றுதானே பொருள்?

அவ்வாறு பொருள் இல்லை. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்க காங்கிரஸின் முன் வருபவை நான்கு வகைப்படும். சட்டமுன்வரைவும் இணைத் தீர்மானமும் இரு அவைகளிலும் நிறைவேறி, அதிபரின் கையொப்பத்துக்குச் சென்று, சட்டமாகக் கூடியவை. ஒருமித்த தீர்மானம் என்பது இரு அவைகளும் ஏற்பது, ஆனால் அதிபரிடம் செல்லாதது. தனித் தீர்மானம் ஒரே அவையின் குரல் மட்டுமே. ஒரு பயிற்சிப் பள்ளியைப் பாராட்டும் தீர்மானம் பெரும்பாலும் கடைசி இரண்டு வகைகளில் ஒன்றாகவே வரும். இவ்விரண்டுக்கும் அவைக்கு வெளியே சட்டவலு கிடையாது.

இது வெறும் மரபு மட்டும் அன்று. அவைக்கு வெளியே உள்ளவர்களின் உரிமையையோ கடமையையோ மாற்றும் எந்தச் செயலும் இரு அவைகளின் ஒப்புதலையும் பெற்று அதிபர் முன் வைக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-இல், சாதா என்பவரின் குடியேற்ற வழக்கில், தீர்ப்பளித்தது. எனவே பாராட்டுத் தீர்மானம் நிறைவேறிய மறுநாள் பள்ளியின் சட்டநிலை முந்தைய நாள் இருந்தபடியே இருக்கும். அதற்குப் புதிய சொத்துரிமை வராது, வரிவிலக்கு வராது, ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது.

சட்டவலு இல்லை என்றால் பிறகு எதற்காக மெனக்கெட்டு நிறைவேற்றுகிறார்கள்?

தீர்மானத்தின் முகப்புரைப் பகுதியைப் படித்தால் காரணம் புலப்படும். 'இவ்வாறு இருப்பதால்' என்று தொடங்கும் வரிகள் ஒவ்வொன்றும் பள்ளி எப்போது தொடங்கியது, யாருக்கெல்லாம் பயிற்சி தந்தது, கூட்டணிக்கு எவ்வாறு உதவியது என்பதை அடுக்கிக்கொண்டு போகும். அவற்றுக்குப் பின்னரே 'ஆகவே இந்த அவை பாராட்டுகிறது' என்ற சிறு வரி வரும். பெரும்பாலான உறுப்பினர்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தை அவைக் குறிப்பில் பதிவு செய்வதே இதன் முதல் பயன்.

இரண்டாவது பயன் நிர்வாகத்துக்குச் சொல்லும் குறிப்பு. ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்து வாக்களித்த உறுப்பினர்களே பின்னர் நிதிக்குழுவில் அமர்ந்து பாதுகாப்புத் துறையின் செலவுக் கணக்கைப் பார்ப்பவர்கள் என்பது துறைக்குத் தெரியும். கூட்டாளி நாடுகளுக்கும், குறிப்பாகப் பள்ளிக்கு இடம் தந்திருக்கும் ஜெர்மனிக்கும், இது நன்றி தெரிவிக்கும் முறை. என் பார்வையில் இத்தகைய தீர்மானங்களைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆனால் அவற்றைச் சட்டம் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இப்படிப்பட்ட தீர்மானங்கள் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறுகின்றனவே, அப்படியென்றால் எல்லாருக்கும் ஆதரவு என்றுதானே அர்த்தம்?

அவ்வளவு தூரம் பொருள் கொள்ள முடியாது. சர்ச்சையற்ற விஷயங்களைப் பிரதிநிதிகள் சபை 'விதிகளை நிறுத்திவைத்தல்' என்ற நடைமுறையின்கீழ் எடுத்துக்கொள்கிறது. அதில் விவாதத்துக்கு நாற்பது நிமிடங்கள் மட்டுமே. திருத்தம் கொண்டுவர முடியாது. நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. பல நேரங்களில் அவையில் சிலரே இருக்க, குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். எதிர்க்கும் அளவுக்கு அது யாருக்கும் முக்கியமாக இல்லை என்பதும் ஒருமனதான நிறைவேற்றத்துக்கு ஒரு விளக்கம்தான்.

சரி, தீர்மானம் தரவில்லை என்றால் நேட்டோ அமைப்புகளுக்குச் சட்டத்தகுதி எங்கிருந்துதான் வருகிறது?

உடன்படிக்கைகளிலிருந்து வருகிறது. 1949 ஏப்ரல் 4-ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்தான வட அட்லாண்டிக் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, உறுப்பு நாடுகள் அனைத்தும் இடம்பெறும் மன்றத்தை அமைத்து, தேவையான துணை அமைப்புகளை உருவாக்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. 1951 ஜூன் 19-ஆம் நாள் லண்டனில் கையெழுத்தான படைகளின் தகுநிலை ஒப்பந்தம், ஒரு நாட்டின் படையினர் இன்னொரு நாட்டில் இருக்கும்போது அவர்கள்மீது யாருக்கு நீதிமன்ற அதிகாரம், சுங்கம் உண்டா, வரி உண்டா என்பவற்றை வரையறுத்தது. ஆனால் அது நாடுகளின் படைகளைப் பற்றியது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் தலைமையகத்தைப் பற்றியதன்று. அந்த இடைவெளியை நிரப்பியது 1952 ஆகஸ்ட் 28-ஆம் நாள் கையெழுத்தான பாரிஸ் நெறிமுறை.

பாரிஸ் நெறிமுறையின் 10-ஆம் பிரிவு உயர்தலைமையகத்துக்குச் சட்ட ஆளுமை தருகிறது. அதாவது ஒப்பந்தம் செய்யலாம், சொத்து வாங்கலாம், விற்கலாம். 14-ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம்: வட அட்லாண்டிக் உடன்படிக்கையின்படி அமைந்த வேறெந்தப் பன்னாட்டு இராணுவத் தலைமையகத்துக்கும் அமைப்புக்கும் இந்த நெறிமுறையை, முழுவதுமாகவோ பகுதியாகவோ, மன்றம் ஒரு முடிவெடுத்துப் பொருத்தலாம். ஆக, பெயரில் நேட்டோ என்று இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனத்துக்குப் பாரிஸ் நெறிமுறை தானாகப் பொருந்திவிடாது. மன்றத்தின் முடிவு வேண்டும். அந்த மன்றத்தில் எல்லா முடிவுகளும் ஒருமித்த கருத்தின்படியே எடுக்கப்படுகின்றன. வாக்கெடுப்பு கிடையாது.

பள்ளியைப் பொறுத்தவரை, அதன் பணி முதற்கேள்வியில் சொன்ன சாசனத்தின்படியும் நேட்டோவின் இராணுவக் கட்டளைகள் தரும் பொறுப்புகளின்படியும் நடக்கிறது. இடவசதியையும் நிர்வாக ஆதரவையும் தருபவை ஜெர்மனியும் அமெரிக்காவும். அன்றாடச் செலவு பெருமளவு பயிற்சிக் கட்டணத்தால் நடக்கிறது. இந்த மூன்று கால்களில் எதுவும் பாராட்டுத் தீர்மானம் அன்று.

அப்படியானால் நாடாளுமன்றங்களுக்கு இதில் பங்கே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. பள்ளியின் பெயரைக் குறிப்பிடாமல், அது நிற்கும் தரைக்கு ஒப்புதல் தந்ததில் இருக்கிறது. 1949 ஜூலை 21-ஆம் நாள் அமெரிக்க செனட் 82-க்கு 13 என்ற வாக்குகளில் வட அட்லாண்டிக் உடன்படிக்கைக்கு இசைவளித்தது. படைகளின் தகுநிலை ஒப்பந்தம் 1953-இல் செனட்டின் முன் வந்தபோது, அமெரிக்க வீரர்களை அயல்நாட்டு நீதிமன்றங்கள் விசாரிக்க விடுவதா என்ற கடும் விவாதம் நடந்து, அதன்பின்னரே இசைவு கிடைத்தது. பள்ளிகளைப் பாராட்டும்போது காணக் கிடைக்காத சூடு அங்கே இருந்தது, ஏனெனில் அந்த வாக்குக்கு விளைவு இருந்தது.

ஜெர்மனி 1955-இல்தான் நேட்டோவில் சேர்ந்தது. அந்நாட்டு அடிப்படைச் சட்டத்தின் 59-ஆம் உறுப்பு, கூட்டாட்சியின் அரசியல் உறவுகளை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கைகளுக்கும் சட்டமியற்றும் துறைக்குள் வரும் உடன்படிக்கைகளுக்கும் நாடாளுமன்றம் ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின் வாயிலாக இசைவு தர வேண்டும் என்கிறது. தேடுபவருக்கு 'பள்ளி அங்கீகாரச் சட்டம்' என்ற பெயரில் எதுவும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்: நாடாளுமன்றம் பேசியது உடன்படிக்கையைப் பற்றி, பள்ளி அதன் நிழலில் வளர்ந்தது.

'தேசியப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம்' என்று செய்திகளில் வருகிறதே, அது பள்ளிகளை அங்கீகரிக்கும் சட்டமா?

மொழிபெயர்ப்பு உண்டாக்கிய குழப்பம் இது. ஆண்டுதோறும் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றும் அந்தச் சட்டம் பாதுகாப்புத் துறைக்கு எவற்றையெல்லாம் செய்யலாம், எந்த அளவுக்குச் செலவிடலாம் என்று அதிகாரம் அளிப்பது. 'அதிகாரமளிப்புச் சட்டம்' என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. மேலும், அது அனுமதி மட்டுமே. பணத்தை உண்மையில் ஒதுக்குவது நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் என்ற தனிச் சட்டம்.

ஆயினும் இந்தச் சட்டத்துக்குள்தான் பயிற்சி நிறுவனங்கள் தொடர்பான உண்மையான சட்டவரிகள் ஒளிந்திருக்கின்றன. 2009 நிதியாண்டுக்கான சட்டம், பன்னாட்டு இராணுவச் சிறப்பு மையங்களில் அமெரிக்கப் படையினர் பங்கேற்கவும், அவற்றின் செலவில் அமெரிக்காவின் பங்கைச் செலுத்தவும் பாதுகாப்பு அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. வெளியுறவு அமைச்சரின் இசைவும் எழுத்துவடிவிலான புரிந்துணர்வு ஒப்பந்தமும் தேவை என்று நிபந்தனையும் விதித்தது. இன்று அது அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 344-ஆம் பிரிவாக இருக்கிறது. புகழுரை ஒரு சொல்கூட இல்லாத வறட்டு வாசகம் அது. ஆனால் ஒரு கணக்கு அலுவலர் காசோலையில் கையெழுத்திட முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்வது அதுவே.

சிறப்பு மையம், பள்ளி இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. சிறப்பு மையங்களைத் தனி நாடுகளோ சில நாடுகள் சேர்ந்தோ தம் செலவில் நடத்துகின்றன. அவை நேட்டோவின் கட்டளை அமைப்புக்குள் இல்லை. எஸ்தோனியத் தலைநகர் தாலினில் 2008-இல் நிறுவப்பட்ட இணையவெளிப் பாதுகாப்பு மையம் பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் நார்ஃபோக்கில் உள்ள, நேட்டோவின் உருமாற்றக் கட்டளை என்ற தலைமையகம் இவற்றின் தரத்தைச் சோதித்துச் சான்று தந்தபின், மேலே சொன்ன 14-ஆம் பிரிவின்கீழ் மன்றம் அவற்றுக்குப் பன்னாட்டு இராணுவ அமைப்பு என்ற தகுநிலையை அளிக்கிறது. தரச்சான்றும் சட்டத்தகுநிலையும் இருவேறு படிகள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

அந்தத் தரச்சான்று கிடைத்தால் பள்ளி பட்டம் தரலாமா?

இல்லை. உருமாற்றக் கட்டளையின் சான்று, ஒரு பயிற்சி நிலையம் தன் பாடங்களை வடிவமைப்பதும் மதிப்பிடுவதும் நேட்டோவின் தர அளவுகோலுக்கு ஏற்ப உள்ளன என்று மட்டுமே சொல்கிறது. நம் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரி அங்கீகாரம் பெற்றதா என்று பெற்றோர் விசாரிக்கும் பொருளில் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இராணுவக் கல்வி பட்டமாக வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் ஒன்று நடுவில் வர வேண்டும். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் பணியாளர் கல்லூரியில் படித்து முடிக்கும் அதிகாரிகளுக்கு முதுகலைப் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம் என்பதை மாணவர்களிடம் சொன்னால் இந்த வேறுபாடு உடனே விளங்கிவிடுகிறது.

ஒரு நாடாளுமன்றம் சட்டத்தின் வழியாகவே இராணுவப் பள்ளியை உருவாக்க முடியாதா?

தன் நாட்டுப் பள்ளியாக இருந்தால் முடியும், செய்தும் இருக்கிறார்கள். இலத்தீன் அமெரிக்கப் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்துவந்த 'அமெரிக்காக்களின் பள்ளி', அங்கே படித்துச் சென்ற சிலர் செய்த மனித உரிமை மீறல்களால் பல ஆண்டுகள் கண்டனத்துக்கு உள்ளானது. 2001 நிதியாண்டின் அதிகாரமளிப்புச் சட்டம் அதற்கு இருந்த சட்ட ஏற்பாட்டை நீக்கியது. பள்ளி 2000 டிசம்பரில் மூடப்பட, அடுத்த மாதமே ஜார்ஜியா மாநிலத்தின் அதே ஃபோர்ட் பென்னிங் முகாமில் மேற்கு அரைக்கோளப் பாதுகாப்பு ஒத்துழைப்பு நிறுவனம் என்ற புதிய பெயரில் வேறொன்று திறக்கப்பட்டது. ஒவ்வொரு மாணவருக்கும் மனித உரிமை, சட்டத்தின் ஆட்சி, படைமீது குடிமை அரசின் கட்டுப்பாடு ஆகியவற்றில் குறைந்தது எட்டு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்றும், காங்கிரஸ் உறுப்பினர்களும் இடம்பெறும் பார்வையாளர் குழு ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. பெயர்ப்பலகையை மாற்றியது போதுமா என்று விமர்சகர்கள் கேட்பதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டவடிவம் என்ற அளவில், பாடவேளை வரை ஒரு நாடாளுமன்றம் கைவைத்த எடுத்துக்காட்டு இது.

கூட்டணியின் பள்ளியில் இதைச் செய்ய இயலாது. முப்பத்திரண்டு நாடுகளுக்கு உரிய பாடத்திட்டத்தில் ஒரு நாட்டின் சட்டமன்றம் எட்டு மணி நேரம் என்று எழுதினால், மற்ற முப்பத்தொரு நாடுகளை அது கட்டாது.

கார்மிஷில் உள்ள மார்ஷல் மையமும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டுக்கும் இடையே சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவுதான். இரண்டும் பவேரிய மலையோரத்தில் உள்ளவை. இரண்டிலும் அமெரிக்காவும் ஜெர்மனியும் கைகோத்திருக்கின்றன. குழப்பம் இயல்பு. 1993-இல் தொடங்கிய மார்ஷல் மையம் நேட்டோவுக்கு உரியதன்று. அது இரு நாடுகளின் கூட்டு நிறுவனம். அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் அதே 10-ஆம் தலைப்பில், 342-ஆம் பிரிவில், வட்டாரப் பாதுகாப்பு ஆய்வு மையங்களில் ஒன்றாக அதன் பெயரே குறிப்பிடப்பட்டுள்ளது.

நேட்டோ நாடாளுமன்றப் பேரவை தீர்மானம் போட்டால் அது செல்லுமா?

பேரவை 1955-இல் உருவானது. உறுப்பு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதில் கூடுகிறார்கள். ஆனால் அது நேட்டோவின் உறுப்பு அன்று. தனித்து நிற்கும் அமைப்பு. அதன் தீர்மானங்கள் அரசுகளுக்கும் மன்றத்துக்கும் பரிந்துரைகள் மட்டுமே. மூன்றாம் கேள்விக்குச் சொன்ன விடை இங்கும் பொருந்தும்.

இந்தியாவில் இதற்கு இணையாக ஏதாவது உண்டா?

இந்தியா இத்தகைய இராணுவக் கூட்டணியில் இல்லாததால் நேரான இணை இல்லை. ஆனால் பல நாடுகள் சேர்ந்து அமைத்த ஒரு கல்வி நிறுவனத்துக்கு ஒரு நாடாளுமன்றம் எவ்வாறு உயிர் தருகிறது என்பதற்குத் தெற்காசியப் பல்கலைக்கழகச் சட்டம், 2008 நல்ல எடுத்துக்காட்டு. சார்க் நாடுகள் 2007 ஏப்ரலில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இந்தியாவுக்குள் சட்டவடிவம் தர அது இயற்றப்பட்டது. ஒப்பந்தம் நாடுகளைக் கட்டியது. சட்டம் நாட்டுக்குள் உள்ள நீதிமன்றத்தையும் வரி அலுவலகத்தையும் கட்டியது. பாராட்டுத் தீர்மானத்தால் இவற்றில் ஒன்றையும் செய்திருக்க முடியாது.

அமெரிக்கா நேட்டோவிலிருந்து விலகினால், காங்கிரஸ் முன்பு பள்ளியைப் பாராட்டியது அதைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. ஆனால் காங்கிரஸ் இயற்றிய வேறொரு சட்டம் விலகலையே கடினமாக்கியிருக்கிறது. வட அட்லாண்டிக் உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவின்படி ஓர் உறுப்பு நாடு முன்னறிவிப்பு தந்து ஓராண்டுக்குப் பின் விலகலாம். 2023 டிசம்பரில் சட்டமான 2024 நிதியாண்டின் அதிகாரமளிப்புச் சட்டமோ, செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு இசைவோ காங்கிரஸின் தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் நேட்டோவிலிருந்து விலகக் கூடாது என்கிறது. வெளியுறவில் அதிபரின் அதிகாரத்தை இவ்வாறு கட்டுப்படுத்த முடியுமா என்பது நீதிமன்றத்தில் சோதிக்கப்பட வேண்டிய கேள்வி.

அந்தச் சட்டம் தடுப்பதும் விலகலை மட்டுமே. உறுப்பினராக இருந்துகொண்டே ஓபராமர்காவுக்கு அனுப்பும் பயிற்றுநர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவோ, தரும் ஆதரவைச் சுருக்கவோ ஒரு நிர்வாகம் முடிவு செய்தால், அதைத் தடுக்கும் சொற்கள் அதில் இல்லை. அப்போது கேட்க வேண்டியது, பள்ளியைப் புகழ்ந்த தீர்மானம் எங்கே என்பதன்று. அந்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே.